பல் கிளிப்பும் இம்ப்ளான்ட்டும்: வட்டியில்லாத் தவணையில் சேரலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். கொழுந்தைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறோம். 13 வயது மகளுக்குப் பல் கிளிப் போட 45,000 ரூபாய், எனக்குப் பிடுங்கிய கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பதில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க 35,000 ரூபாய் ஆகும் என்று கோவையில் ஒரு பல் மருத்துவமனையில் சொல்கிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. இல்லையென்றால் வட்டியில்லாத 12 மாதத் தவணை. மகளின் கல்லூரிக்காக வங்கியில் 1.2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அவளுக்கு மட்டும் இப்போது செய்துவிட்டு, என் பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த ‘வட்டியில்லாத’ தவணையைப் பார்ப்போம். இது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பேரில் தரும் கடன்தான். ரொக்கமாகக் கட்டினால் 72,000 ரூபாய். தவணையில் மாதம் 6,667 வீதம் 80,000 ரூபாய். இடையிலுள்ள 8,000 ரூபாய்தான் வட்டி. கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம். பரிசீலனைக் கட்டணம் இருந்தால் இன்னும் கூடும். 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன் எதுவானாலும் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

வட்டியைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. கடன் தொகை முதல் நாளே மருத்துவமனைக்குப் போய்விடும். கிளிப் சிகிச்சையோ பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு நடக்கும். இடையில் மருத்துவமனை மூடினாலும் தவணை நிற்காது. அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற, பற்களை நேராக்கும் பிளாஸ்டிக் உறைகளை (அலைனர்) விற்ற நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, தவணையில் சேர்ந்தவர்கள் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்றுதான் அறிவித்தது. மொத்தத் தொகையை முன்பணமாகக் கொடுப்பதிலும் இதே ஆபத்து இருப்பதால், 8,000 ரூபாய் தள்ளுபடிக்காக அதையும் செய்ய வேண்டாம் என்பேன்.

வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள். கிளிப்புக்குத் தொடக்கத்தில் 15,000, பிறகு போகும் ஒவ்வொரு மாதமும் 1,500 என்று கேட்டுப் பாருங்கள். பல மருத்துவர்கள் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். இம்ப்ளான்ட் இயல்பாகவே இரண்டு கட்டம். டைட்டானியம் திருகைத் தாடை எலும்பில் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் விட்டு, அதன் பிறகே மேலே பல் பொருத்துவார்கள். மே மாதம் கொழுந்து நன்றாக வரும்போது திருகு, அக்டோபரில் மீண்டும் கொழுந்து வரும்போது பல் என்று வைத்துக்கொண்டால், உறைபனி விழுந்து கொழுந்து குறையும் ஜனவரியில் பெரிய செலவு எதுவும் இருக்காது. மாதம் தவறாத 6,667 ரூபாய்த் தவணை பனியையும் பார்க்காது, தேயிலை விலையையும் பார்க்காது.

உங்கள் பல்லைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் தாயின் வைத்தியம் எப்போதும் கடைசிக்குப் போவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதில் பண நஷ்டமும் உண்டு. காலியான இடத்தில் எலும்பு தேயும், பக்கத்துப் பற்கள் சாயும், மேல் பல் கீழிறங்கும். பிறகு எலும்பு சேர்க்கும் சிகிச்சை தேவைப்பட்டால் செலவு ஏறும். கைக்கு அடங்கவில்லை என்றால், பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் உண்டு. ஆனால் அதற்கு இருபுறமும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும். கழற்றி மாட்டும் பல் எல்லாவற்றிலும் மலிவு. சர்க்கரை நோயோ புகையிலைப் பழக்கமோ இருந்தால் இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பயணத்தையும் கணக்கில் சேருங்கள். இருவருக்கும் பஸ், சாப்பாடு, போன நாளின் கூலி என்று ஒரு முறைக்கு 600 ரூபாய் ஆனாலும் 20 முறைக்கு 12,000. கோத்தகிரியிலோ குன்னூரிலோ மாதம் ஒரு நாள் பல் சீரமைப்பு நிபுணர் வந்து போகும் கிளினிக் இருந்தால், 5,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் உங்களுக்கு லாபம்தான். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தாலும் சிகிச்சை தடைபடாது. மாறாக, பயணம் பொருட்டில்லை என்றால் கோவைப் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம் பிடிக்கும்.

மருத்துவக் காப்பீடு இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். விபத்தில் உடைந்த பல்லைத் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. டெபாசிட்டை உடைக்காதீர்கள். திருகு வைக்கும் மாதம் கையைக் கடித்தால், அதே வங்கியில் டெபாசிட்டின் பேரில் கடன் கேளுங்கள். வழக்கமாக டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதமே கூடுதல். அக்டோபர் கொழுந்துப் பணத்தில் அடைத்துவிடலாம்.

பணம் கொடுக்கும் முன், 45,000-க்குள் ரிடெய்னரும் (கிளிப்பைக் கழற்றிய பிறகு பற்களை அதே இடத்தில் நிறுத்தப் போடுவது) அடங்குமா, 35,000-க்குள் ஸ்கேனும் திருகின் மேல் பொருத்தும் பல்லும் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். ரிடெய்னர் போடாவிட்டால் நேரான பற்கள் மீண்டும் நகரும். இம்ப்ளான்ட்டின் நிறுவனம், அளவு, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உள்ள அட்டையையும் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் பழுது பார்க்க நேர்ந்தால், பொருந்தும் பாகத்தை அந்த மருத்துவர் அதைப் பார்த்துத்தான் வரவழைப்பார்.