டெஸ்டிங்கால்தான் லேட்டா?

கேள்வி: அக்கா, நான் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். டீமில் ஆறு டெவலப்பர்கள், டெஸ்டர் நான் ஒருத்திதான். இரண்டு வார ஸ்பிரின்டில் (ஒரு சுற்று வேலையில்) முதல் எட்டு நாள் எனக்கு வேலையே வராது. கடைசி இரண்டு நாளில் எல்லா டிக்கெட்டும், அதாவது பிரித்துக் கொடுத்த சின்னச் சின்ன வேலைகள் எல்லாம், மொத்தமாக வந்து விழும். போன மாதம் ஆம்பூர் ஷூ ஏற்றுமதியாளர் ஒருவருக்கான ஆர்டர் திரையில் அரை சைஸ் போட முடியவில்லை என்று ஒன்பதாம் நாள் மாலை கண்டுபிடித்தேன். டெமோ தள்ளிப்போனது. ஸ்பிரின்ட் முடிந்ததும் எது சரி, எது தவறு என்று பேசும் ரெட்ரோ கூட்டத்தில் ‘டெஸ்டிங்கால் லேட்’ என்று எழுதிவிட்டார்கள். தினமும் ஸ்டாண்ட்-அப் என்ற சின்னக் கூட்டம் நடக்கிறது, எந்த டிக்கெட் எந்த நிலையில் என்று காட்டும் போர்டு இருக்கிறது. ஆனால் யாரும் யாரோடும் சேர்ந்து வேலை செய்வதில்லை. பேசாமல் பெங்களூருக்குப் போய்விடலாமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: பிழையைக் கண்டுபிடித்தவர் தலையிலேயே தாமதத்தையும் கட்டுவது அநியாயம், தங்கச்சி. அந்தப் பிழை வேலை தொடங்கிய அன்றே உள்ளே நுழைந்துவிட்டது. உங்கள் கண்ணில் பட ஒன்பது நாள் ஆனது, அவ்வளவுதான். ஏன் ஒன்பது நாள் ஆனது என்பதைத்தான் உங்கள் ரெட்ரோவில் பேசியிருக்க வேண்டும்.

என்ன நடந்திருக்கும் என்று யூகிக்க முடிகிறது. டிக்கெட்டில் ‘சைஸ் வாரியாக ஜோடி எண்ணிக்கை’ என்று ஒரு வரி இருந்திருக்கும். டெவலப்பர் 38, 39, 40 என்று போகும் ஐரோப்பிய அளவை மனதில் வைத்து, சைஸை முழு எண்ணாக டேட்டாபேஸில் போட்டிருப்பார். பிரிட்டிஷ் அளவில் 6, 6½, 7 என்று வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தெருவுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர் இருப்பார், அவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கோடிங் தொடங்கும் முன் நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “6½ போட்டால் என்ன ஆகும்? ஒரே ஆர்டரில் இரண்டு அளவு முறையும் வந்தால்?” என்று கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஒன்பதாம் நாளில் அதே விஷயத்துக்கு டேட்டாபேஸ், திரை, பேக்கிங் லிஸ்ட், மொத்தக் கணக்கு என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியதாகிவிட்டது.

அதனால் அடுத்த ஸ்பிரின்டில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: எந்த டிக்கெட்டைத் தொடங்கும் முன்பும் டெவலப்பர், நீங்கள், வாடிக்கையாளரின் தேவை தெரிந்தவர் மூவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உண்மையான எண்களை வைத்து நாலைந்து உதாரணம் எழுத வேண்டும். ‘த்ரீ அமிகோஸ்’ என்று பல டீம்களில் சொல்வது இதைத்தான். அந்த உதாரணங்களே பிறகு உங்கள் டெஸ்ட் கேஸ் ஆகிவிடும். முதல் எட்டு நாள் சும்மா இருக்கிறோமே என்ற கவலையும் உங்களுக்கு இருக்காது.

அப்புறம், வேலை ஏன் கடைசியில் குவிகிறது? முதல் நாளே ஆறு பேர் ஆளுக்கொரு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆறும் ஒரே சமயத்தில் முடிகிறது, ஆறும் உங்களிடம் வருகிறது. ஒரு நேரத்தில் மூன்று டிக்கெட்டுக்கு மேல் திறக்கக் கூடாது, ஒன்றுக்கு இரண்டு பேர் என்று வைத்துப் பாருங்கள். நான்காம் நாளே ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும். “ஒரே வேலைக்கு ரெண்டு பேரா?” என்று டீம் லீட் கேட்பார். எத்தனை டிக்கெட் தொடங்கினோம் என்பதில் ஏற்றுமதியாளருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது, எத்தனை முழுதாக முடிந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்கள் பக்கம் இருக்கிறது. இப்படி ஸ்பிரின்டாக வேலை செய்யும் முறைக்கு ஸ்க்ரம் என்று பெயர். 2020-இல் வந்த ஸ்க்ரம் கையேட்டில் டெஸ்டர் என்று தனிப் பொறுப்பே கிடையாது. பொருளை உருவாக்கும் எல்லோரும் அதில் டெவலப்பர்கள்தான், டீமுக்குள் தனிக்குழுக்களும் இல்லை. ‘முடிந்தது’ என்பதற்கு டீம் ஒப்புக்கொண்ட தரத்தை எட்டாத எதையும் ஸ்பிரின்ட் ரிவ்யூவில் காட்டவே கூடாது என்கிறது. டெஸ்ட் ஆகாத டிக்கெட் டெவலப்பர் கணக்கிலும் முடியாத டிக்கெட்தான். அவசரத்துக்கு அவர்களும் டெஸ்ட் செய்யலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஸ்டாண்ட்-அப்பில் எல்லோரும் லீட் முகத்தைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற அந்த மூன்று கேள்விகளையும் அதே 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். போர்டில் முடியும் தறுவாயில் இருக்கிற டிக்கெட்டிலிருந்து தொடங்கி, “இது இன்னைக்கே முடிய யார் என்ன செய்யணும்?” என்று மட்டும் கேளுங்கள். பதினைந்து நிமிஷம் தாராளம்.

போர்டு, ஸ்டாண்ட்-அப் எல்லாம் இருந்தும் சேர்ந்து வேலை செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடி, ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுக் கொள்கையைச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதிய பதினேழு பேரும் அதில் முதலாவதாக வைத்தது, நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்குள் நடக்கும் பேச்சும் மேல் என்பதைத்தான். உங்கள் ஆபீஸில் கருவி வந்துவிட்டது, பேச்சு இன்னும் வரவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஏழு பேர் ஒரே அறையில் இருக்கும் ஆபீஸில் நாற்காலியைத் திருப்பினாலே போதும்.

அடுத்த ரெட்ரோவுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒவ்வொரு டிக்கெட்டும் எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் உங்களிடம் வந்தது, எப்போது முடிந்தது என்று போர்டிலிருந்தே எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். யார் பெயரும் வேண்டாம். குற்றம் சாட்டும் குரலும் வேண்டாம். தேதிகள் பேசட்டும்.

பெங்களூர் விஷயத்துக்கு வருகிறேன். சம்பளத்துக்காகவோ பெரிய வேலை கற்றுக்கொள்ளவோ போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் என்றால் இரண்டு மூன்று ஸ்பிரின்ட் பொறுங்கள், ஏனென்றால் இதே கதை அங்கேயும் நடக்கும். தேதிகளைப் பார்த்த பிறகும் ‘டெஸ்டிங்கால் லேட்’ என்றே சொன்னால், மனக்குறை இல்லாமல் கிளம்புங்கள். போகிற இடத்தில் இன்டர்வியூ முடிவில் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: “உங்க டீமில் ஒரு டிக்கெட்டை டெஸ்டர் முதன்முதலில் எப்போது பார்ப்பார்?” கோடிங் முடிந்த பிறகு என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.