ரிப்போர்ட் நார்மல், தலைவலி மட்டும் போகவில்லை

கேள்வி: எனக்கு 29 வயது. மருத்துவமனை ஒன்றின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். நாள் முழுக்க திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினும், கரைப்பானான சைலீனும்தான். சில மாதங்களாக மதியத்துக்கு மேல் தலை கனக்கிறது. கண் எரிந்து நீர் வடிகிறது. விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருக்கிறது. விடுமுறை நாட்களில் எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் நார்மல். மாஸ்க் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன். "போகப் போக வாசனையே தெரியாது, பழகிவிடும்" என்கிறார் சீனியர். இப்போது உண்மையிலேயே வாசனை அவ்வளவாகத் தெரிவதில்லை. ரத்தத்தில் ஃபார்மலின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டெஸ்ட் உண்டா? குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறோம். இந்த வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: ரிப்போர்ட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, விடுமுறை நாட்களில் எதுவும் இல்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான். வேலை நாளில் வந்து, லீவு நாளில் மறையும் தொந்தரவு என்றால் முதல் சந்தேகம் வேலையிடத்தின் மேல்தான் விழ வேண்டும். இன்றைக்கே ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்: எந்த நேரத்தில் தலை கனத்தது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன வேலை செய்தீர்கள், லீவு நாளில் எப்படி இருந்தது. இரண்டு வாரம் எழுதினால் போதும். ஸ்கேனைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.

ரத்தத்தில் ஃபார்மலின் பார்க்கும் டெஸ்டுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஃபார்மலின் என்பது தண்ணீரில் கரைத்த ஃபார்மால்டிஹைடு. அது நம் உடம்பே தயாரிக்கிற பொருள். அந்தப் பக்கமே போகாதவருடைய ரத்தத்திலும் அது இருக்கும். மூச்சோடு உள்ளே போவது ஓரிரு நிமிடத்தில் ஃபார்மிக் அமிலமாக மாறிவிடும். ஆகவே அளந்தாலும் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. உங்கள் கல்லீரல், சிறுநீரக ரிப்போர்ட் நார்மலாக இருப்பதிலும் வியப்பில்லை. ஃபார்மலின் பட்ட இடத்தில்தான் முதலில் கடிக்கும்: கண், மூக்கு, தொண்டை, தோல். சைலீன் சங்கதி வேறு. அது நரம்பு மண்டலத்தை மந்தமாக்கும். தலைப்பாரம், கிறுகிறுப்பு, கவனம் சிதறுவது எல்லாம் அதன் கைவரிசையாக இருக்கலாம். அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. சைலீன் உடைந்து மெத்தில்ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. வேலை முடிகிற நேரத்தில் மாதிரி எடுத்தால்தான் பயன். காலையில் வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரத்தத்தை விட்டுவிட்டு அறையின் காற்றைப் பரிசோதிக்கச் சொல்வேன். சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் பேட்ஜ்கள் இருக்கின்றன. மூக்குக்குப் பக்கத்தில் காற்றில் உள்ள ஃபார்மால்டிஹைடை அவை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் அளந்து சொல்வார்கள். வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான ஓஷாவின் வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 0.75 பிபிஎம் (பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), எந்த 15 நிமிடத்துக்கும் 2 பிபிஎம். உலக சுகாதார நிறுவனம் கட்டடங்களுக்குள் இருக்கும் காற்றுக்கு வைத்திருக்கும் அளவு இன்னும் கண்டிப்பானது: 30 நிமிடத்துக்கு ஒரு கன மீட்டரில் 0.1 மில்லிகிராம், அதாவது சுமார் 0.08 பிபிஎம். 1 பிபிஎம்முக்குக் கீழேயே பலருக்குக் கண் எரியும். ஆக, உங்கள் கண்ணே ஒரு சுமாரான மீட்டர். அது எரிகிறது என்றால் காற்று சரியில்லை.

பேட்ஜை எப்போது குத்திக்கொள்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாள் முழுக்கப் போட்டால் சராசரி அழகாக வந்துவிடும். பழைய மாதிரிப் பாட்டில்களைத் திறந்து ஃபார்மலினைக் கொட்டும் நேரம், திசுவைப் பதப்படுத்தும் கருவியான டிஷ்யூ ப்ராசஸரில் திரவம் மாற்றும் நேரம், பெரிய உறுப்புகளை வெட்டிப் பார்க்கும் நேரம்: இந்தச் சில நிமிடங்களில்தான் அளவு எகிறும். அந்த 15 நிமிடத்துக்குத் தனியாக ஒரு பேட்ஜ் கேளுங்கள்.

பழகிவிடும் என்று உங்கள் சீனியர் சொன்னது ஒரு விதத்தில் உண்மை. பழகுவது மூக்கு மட்டும்தான். ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கின் நரம்புகள் சேதி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. நுரையீரலுக்கும் தோலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. லீவு முடிந்து வந்த முதல் நாள் காலை, கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதுதான் அறையின் நிஜமான நிலவரம்.

அடுத்தது மாஸ்க். சர்ஜிக்கல் மாஸ்க்கும் சரி, என்95-உம் சரி, துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை போட்டாலும் கொசுவலையால் புகையைத் தடுக்கும் கதைதான். ஆவிக்கு, அதை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் என்ற முகக்கவசம் வேண்டும். அதிலும் கரைப்பான்களுக்கான சாதாரண கார்ட்ரிட்ஜ் சைலீனை நிறுத்தும், ஃபார்மால்டிஹைடை நம்பும்படி நிறுத்தாது. ஃபார்மால்டிஹைடுக்கு என்று அதன் பெயர் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அதுவும் கடைசி வழிதான். ஒரு லேபில் எல்லோரும் நாள் முழுக்க ரெஸ்பிரேட்டரோடு இருக்க வேண்டியிருந்தால் கோளாறு காற்றோட்டத்தில் இருக்கிறது.

நீங்கள் மாதிரிகளை வெட்டுவது எதற்குள்ளே என்று எழுதவில்லை. இதை மட்டும் சரிபாருங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று பெட்டிகள் லேபில் இருக்கலாம். ஃபியூம் ஹூட் ஆவியை உங்களிடமிருந்து இழுத்து வெளியே அனுப்பும். லாமினார் ஃப்ளோ பெஞ்ச் என்பது பெரும்பாலும் காற்றை உங்கள் முகத்துக்கே ஊதும். அது மாதிரியைச் சுத்தமாக வைக்கப் பிறந்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. பயோசேஃப்டி கேபினெட் கிருமிக்கானது. பல மாடல்கள் வடிகட்டிய காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும், அந்த வடிகட்டியில் ஆவி நிற்காது. பெட்டிக்குள் செய்கிறோம் என்ற தைரியத்தில் லாமினார் பெஞ்சில் ஃபார்மலின் திறப்பது, திறந்த மேசையில் செய்வதைவிட மோசம்.

ஹூட்தான் என்றால், மெல்லிய டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, கண்ணாடிக் கதவின் கீழ் ஓரத்தில் ஒட்டுங்கள். உள்பக்கமாகச் சாய்ந்தே நிற்க வேண்டும். பின்னால் யாரையாவது வேகமாக நடக்கச் சொல்லிப் பாருங்கள்; பேப்பர் உங்கள் பக்கம் திரும்பினால், ஆவியும் அப்படித்தான் திரும்புகிறது. உள்ளே பாட்டில்களை அடுக்கிப் பின்சுவரின் உறிஞ்சு துவாரத்தை அடைத்து வைப்பது எல்லா லேபிலும் இருக்கிற வியாதி. வேலையை விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளிச் செய்யுங்கள். ஹூட்டின் வாய் வழியாக உள்ளே இழுக்கப்படும் காற்றின் வேகம் வழக்கமாக நொடிக்கு 0.5 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதைக் கருவி வைத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உங்கள் ஹூட்டில் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள்.

விரல் இடுக்கு வெடிப்புக்கு வருகிறேன். மெல்லிய நைட்ரைல் கையுறை ஃபார்மலினுக்குப் போதும். சைலீன் அதை மிகச் சீக்கிரம் ஊடுருவிவிடும்; வெளியே ஓட்டை எதுவும் தெரியாது. சைலீன் பட்டுவிட்டால் உடனே கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். சைலீனிலேயே கை வைக்க வேண்டிய வேலைக்கு வைட்டான் என்ற ரப்பர் ரகக் கையுறை தேவை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியை, ஃபியூம் ஹூட்டில், லேடெக்ஸ் கையுறையோடுதான் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். சில சொட்டுகள் கையுறை மேல் விழுந்தன. மாதங்கள் கழித்தே தடுமாற்றமும் பேச்சுக் குழறலும் தொடங்கின. 1997 ஜூனில் இறந்துபோனார். நச்சு உலோகங்களை ஆராய்வதே அவர் துறை. பிறகு சோதித்தபோதுதான் அந்தப் பொருள் லேடெக்ஸை நொடிக் கணக்கில் கடந்துவிடுகிறது என்று தெரிந்தது. சைலீன் அந்த அளவுக்குக் கொடியதல்ல, பயப்பட வேண்டாம். கையுறை போட்டேன் என்பது பாதி வாக்கியம், எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்பது மீதி. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 8ஆம் பகுதியில் அது இருக்கும். அங்கேயும் வெறுமனே 'பொருத்தமான கையுறை' என்று எழுதித் தப்பித்திருந்தால், கையுறைத் தயாரிப்பாளரின் பட்டியலைக் கேளுங்கள்.

வெடிப்பு தோலின் எண்ணெய்ப்பசை உலர்ந்ததாலா, ஃபார்மால்டிஹைடு அலர்ஜியாலா என்பதைத் தோல் மருத்துவர், பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து சொல்லிவிடுவார். அலர்ஜி என்றால் அது சாதாரணமாக ஆயுளுக்கும் கூடவே வரும். ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கேட்காவிட்டாலும் மனசில் இருக்கும்: புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோய்க்கும், பின்னர் ரத்தப் புற்றுநோய்க்கும் ஆதாரம் போதுமானது என்று சொன்னது. முதல் பிரிவு என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைக் குறிக்கும். உங்களுக்கு வர எவ்வளவு வாய்ப்பு என்பதை அல்ல. அதைத் தீர்மானிப்பது அளவும் ஆண்டுகளும். அளவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. எலும்பு மாதிரிகளை மென்மையாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்தும் லேபாக இருந்தால் ஒன்று: ஃபார்மலினும் அந்த அமிலமும் சேர்ந்தால் பிஸ்-குளோரோமெத்தில் ஈதர் என்ற, இதைவிடக் கொடிய புற்றுநோய்க் காரணி உருவாகக்கூடும். மாதிரியை நன்றாகத் தண்ணீரில் அலசிய பிறகே அமிலத்தில் போடுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

குழந்தை விஷயத்தில் காத்திருக்காமல் முன்கூட்டியே செயல்படச் சொல்வேன். ஃபார்மலினைக் கையாளும் ஆய்வகப் பெண்களிடம் சில ஆய்வுகள் கருச்சிதைவு சற்று அதிகம் இருப்பதைக் கண்டன. முடிவான நிரூபணம் அல்ல, ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அல்ல. சைலீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்லும். கரு தங்கி 3 முதல் 8 வாரத்துக்குள் உறுப்புகள் உருவாகின்றன. நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, மேலதிகாரியிடம் சொல்லி, வேலை மாற்றுவதற்குள் அந்த வாரங்களில் பாதி ஓடிவிடும். முயற்சி தொடங்கும்போதே பாட்டில் கொட்டுவது, திரவம் மாற்றுவது இரண்டிலிருந்தும் விலக்கு கேளுங்கள். ஸ்லைடு லேபிள், ஆவணம், திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் என்று ஆவி குறைந்த வேலைகள் இருக்கின்றன. எழுத்தில் கேளுங்கள், மகப்பேறு மருத்துவரின் கடிதம் இணைத்தால் பேச்சு சுருங்கும்.

வேலையை விடும் அளவுக்கு நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. பேட்ஜ் முடிவு, ஹூட் பரிசோதனை, சரியான கையுறை ஆகிய மூன்றும் நடந்த பிறகு தலைவலி எப்படி இருக்கிறது என்று நோட்டில் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் குறிப்பிடாத ஒன்று இருந்தால் மட்டும் என் பதில் மாறும்: மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் இரவில் வரும் இருமல். அப்படி இருந்தால் தாமதிக்காமல் நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் நாளைக்கு நான்கு முறையாவது ஊதி, வேலை நாளும் லீவு நாளும் சேர்த்து சில வாரம் எழுதச் சொல்வார். ஃபார்மால்டிஹைடால் வந்த ஆஸ்துமா என்று உறுதியானால், அளவைக் குறைத்து அங்கேயே தொடர்வது சரிப்படாது. ஒருமுறை அப்படி ஆனவருக்கு மிகச் சிறிய அளவே போதும். அந்தப் பிரிவிலிருந்து மாறித்தான் ஆக வேண்டும், அதை நுரையீரல் மருத்துவரே எழுதிக் கொடுப்பார்.