கூகுள் இருக்கும்போது மருத்துவ நூலகரிடம் யார் வருவார்கள்?

கேள்வி: மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். மாணவர்களும் மருத்துவர்களும் கூகுளிலேயே தேடிக்கொள்கிறார்கள். இனி எனக்கு என்ன வேலை?

பதில்: தலைப்பு தெரிந்த ஒரு கட்டுரையை எடுக்க கூகுளே போதும், அதை விட்டுவிடுங்கள். 'இதுவரை வந்த ஆய்வுகள் எல்லாம் வேண்டும்' என்னும்போதுதான் அது கைவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் எத்தனை லட்சம் முடிவுகள் என்று காட்டினாலும், முதல் 1000-க்கு மேல் பார்க்க முடியாது.

மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டிலும் கூகுள் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. 'ஹார்ட் அட்டாக்' என்று சும்மா தட்டினால், பப்மெட் அதைத் தானாகவே 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற மெஷ் தலைப்போடு (கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட அதற்கு இடப்படும் பொருள் தலைப்பு) இணைத்துத் தேடும். மேற்கோள் குறி போட்டாலோ, சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி (*) இட்டாலோ அந்த இணைப்பு அறுந்துவிடும். மாணவர் கவனமாகத் தேடியதாகவே நினைப்பார். பல கட்டுரைகள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

மாரடைப்புக்குப் பின் உடற்பயிற்சி செய்தால் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறையுமா என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். மாரடைப்பு, உடற்பயிற்சி என்ற இரண்டை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மெஷ் தலைப்பையும், தலைப்பு-சுருக்கத்தில் வரக்கூடிய மாற்றுச் சொற்களையும் 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குள் வையுங்கள். இரண்டு அடைப்புகளையும் 'அண்ட்' (AND) போட்டு இணையுங்கள். மெஷ் மட்டும் போதாது, புதிதாக வந்த சில கட்டுரைகளுக்கு அது இன்னும் ஏறியிருக்காது. 'மனிதர்கள்' என்ற வடிகட்டியும் இதே காரணத்தால் அவற்றைத் தள்ளிவிடும். 'மீண்டும் சேர்தல்' என்பதைத் தேடலில் சேர்க்காதீர்கள். ஆய்வில் அளந்த எல்லாவற்றையும் சுருக்கத்தில் எழுதுவதில்லை.

தேடிய நாள், தரவுத்தளம், முழுத் தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை நான்கையும் குறித்துக் கொடுங்கள்.

இப்போது பெருகியிருக்கும் இன்னொரு வேலை, செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோள்களைச் சரிபார்ப்பது. ஆசிரியர் இருப்பார், இதழ் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. தலைப்பைப் பப்மெட்டில் ஒட்டிப் பாருங்கள். கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண் அதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்றும் பாருங்கள். கட்டுரை இருந்தாலும் திரும்பப் பெறப்பட்டதா என்று கவனியுங்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998 லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. பப்மெட் பதிவிலேயே அந்த அறிவிப்பு உண்டு. அதன் வாதமோ இணையத்தில் அறிவிப்பு எதுவும் இல்லாமல் இன்றும் சுற்றுகிறது.

அடுத்து வரும் மாணவரிடம் அவர் கூகுளில் எடுத்த பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, அவருக்கு விடுபட்டவற்றைக் கோடிட்டுக் காட்டுங்கள்.