கதைக்கு அடிமட்டம் எதற்கு?

அன்பின் அக்காவுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் இந்த வருடம் நடந்த ஒரு சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்பியிருந்தேன். கரைவலை இழுக்கும் ஒரு குடும்பத்தின் கதை; சுனாமிக்கு முந்திய நாள் தொடங்கி, அந்தக் காலையோடு முடிகிறது. 1,500 சொற்களுக்கு மேற்படக் கூடாது என்று அறிவித்தலில் இருந்தது. என் கதை 2,200ஐத் தாண்டிவிட்டது. குறைத்தால் உயிர் போய்விடும் என்று அப்படியே அனுப்பினேன். முடிவு வெளிவந்த பிறகு விசாரித்தால், பிரதி நடுவர்களிடம் போகவே இல்லையாம். சொல் கூடிவிட்டது என்கிறார்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெயர் இருந்தது என்கிறார்கள். இதே கதையை முகநூலில் போட்டபோது வாசித்து அழுததாக எத்தனையோ பேர் எழுதினார்கள். முதற்பரிசு பெற்றதைவிட என்னுடையது மேல் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். இலக்கியத்தை அடிமட்டம் வைத்து அளப்பது நியாயமா? இந்தக் கதையை வேறு போட்டிக்கு அனுப்பலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திருக்கோவில்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தோடு அனுப்பியிருந்த கதையை வாசித்தேன். நல்ல கதை. வலையின் மடி கரையேறும் நேரத்தில் எல்லோரும் மீனைப் பார்க்க, கிழவர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த இடத்தில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. முதற்பரிசுக் கதையை நான் வாசிக்கவில்லை. ஆகவே எது மேல் என்ற வழக்குக்குள் நான் வரவில்லை.

ஆனால் உங்கள் பிரதியை ஒதுக்கியவர்கள் செய்தது சரி. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

தம்பிலுவிலிலோ கோமாரியிலோ இன்னொருவர் அதே போட்டிக்கு எழுதியிருப்பார். அவருடைய கதையும் முதலில் 2,000 சொற்களுக்கு ஓடியிருக்கும். விதியை வாசித்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தனக்குப் பிடித்த பந்தி ஒன்றை அவர் வெட்டியிருப்பார். ஒரு பாத்திரத்தையே கதையை விட்டு அனுப்பியிருப்பார். அவர் 1,500 சொற்களில் சொல்லிமுடிக்கப் பட்ட பாட்டையும், நீங்கள் 700 சொற்களைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னதையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? உங்களுக்குக் காட்டும் தயவு அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாததால் அது உங்கள் கண்ணில் படவில்லை.

பெயர் விஷயம் இதைவிடப் பெரியது. நம்முடைய பக்கத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் என்ன நடக்கும்? எந்த ஊர், யாருடைய மகன், என்ன குடி (தாய்வழிக் குலம்). மூன்றாவது கேள்வியில் உறவு வந்துவிடும். கல்முனையிலும் களுவாஞ்சிகுடியிலும் எழுதுகிறவர்களும் நடுவர்களாகப் போகிறவர்களும் பெரும்பாலும் ஆசிரியர்கள். ஒருவர் மற்றவருக்குப் படிப்பித்திருப்பார், அல்லது ஒரே பாடசாலையில் வேலை செய்திருப்பார். சில போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். நூலால் கட்டிய பிரதிக் கட்டு கைக்கு வரும். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு மையில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கும். பெயரும் முகவரியும் எழுதிய தாளைக் கழற்றி வேறோர் உறையில் போட்டு ஏற்பாட்டாளரே வைத்துக்கொள்வார். அந்த இலக்கம்தான் எனக்குப் பாதுகாப்பு. உங்கள் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருந்து, நான் உங்களுக்கு முதலிடம் கொடுத்து, நீங்கள் என் தங்கையின் மாணவர் என்று பிறகு தெரியவந்தால், கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊர் என்ன பேசும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சு முதலில் கடிப்பது உங்களைத்தான். முகநூலில் எல்லோருக்கும் தெரிந்த புனைபெயரைப் பிரதியில் போடுவதும் இதே கதைதான்.

முகநூல் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்களிடம் அவர்கள் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்திருந்த அறிவித்தலில் ‘இதுவரை எங்கும் வெளிவராத சொந்தப் படைப்பு’ என்று இருக்கிறது. அந்த உறுதிமொழியின் கீழ் உங்கள் கையொப்பமும் இருக்கிறது. எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போட்டு, அழுதவர்களின் பின்னூட்டங்களையும் வாங்கிய கதை வெளிவந்த கதைதான். அச்சில் வந்தால்தான் வெளியீடு என்ற காலம் போய்விட்டது. இது கண்ணில் படாமல் உங்களுக்குப் பரிசு கிடைத்து, பிறகு யாராவது அந்தப் பதிவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் நிலைமை இதைவிட மோசமாகியிருக்கும்.

சொற்கணக்கைப் பற்றி இன்னுமொன்று. கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. ‘வந்து கொண்டிருந்தான்’ என்றால் இரண்டு, சேர்த்து எழுதினால் ஒன்று. இதைக் கண்டுபிடித்த சில கெட்டிக்காரர்கள் கதை முழுவதையும் ஒட்டி ஒட்டி எழுதி அனுப்புகிறார்கள். மூச்சுவிட இடமில்லாத அந்தப் பக்கங்களை வாசிக்கும் நடுவருக்கு முதல் பந்தியிலேயே விஷயம் விளங்கிவிடும். அந்த வழிக்குப் போய்விடாதீர்கள். எழுத்துரு விதியும் அப்படித்தான், அற்பமாகத் தெரியும். யூனிகோட் என்று கேட்டிருக்கும்போது பாமினியில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கதை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் திறக்கும். உள்ளே எந்தக் கிழவர் எந்தக் கடலைப் பார்த்து நின்றால் என்ன?

திகதியையும் கவனியுங்கள். ‘தபாலிட வேண்டிய’ திகதியும் ‘கிடைக்க வேண்டிய’ திகதியும் வேறு வேறு. பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருப்பது முதலாவதற்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது.

இவ்வளவும் சொன்ன வாயால் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முடிவுத் திகதி நெருங்கும்போது பிரதிகள் போதவில்லை என்று இரண்டு கிழமை நீடிக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்காத பழக்கம். விதியை நம்பி அவசர அவசரமாக எழுதி முடித்தவருக்கு அது தண்டனை, அசட்டையாக இருந்தவருக்கு வெகுமதி. போட்டியாளர் ஒரு நாள் பிந்தினால் கதவு பூட்டு, தாங்கள் பிந்தினால் ‘வேண்டுகோளுக்கிணங்க’ நீடிப்பு! விதி என்றால் இரண்டு பக்கத்தையும் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்திலும், ஒதுக்கப்பட்ட பிரதிகளின் இலக்கங்களையும் காரணத்தையும் முடிவுகளோடு ஒரு வரியில் போட்டிருந்தால் நீங்கள் விசாரித்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் கவனிக்காமல் கையொப்பமிட்ட ஒரு விதியும் அந்தத் தாளில் இருக்கிறது: ‘அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும் ஏற்பாட்டாளர்களையே சாரும்.’ பரிசு பெற்றவற்றைத் தொகுப்பில் போட அனுமதி கேட்பது நியாயம். தோற்ற கதையின் உரிமையை எதற்காகக் கேட்கிறார்கள்? இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிற்கிறது. அதை ஒரு சான்றிதழ் ஆசையில் எழுதிக்கொடுக்க வேண்டாம். சொல் எண்ணிக்கைக்குக் கோபப்பட்ட நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். பிரதி போட்டிக்கே ஏற்கப்படவில்லை, ஆகவே உரிமை என்னிடமே இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தும்படி ஏற்பாட்டாளருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இனிமேல் இப்படி ஒரு விதியைக் கண்டால், அனுப்புவதற்கு முன் விளக்கம் கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள்.

வேறு போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெளிவராத படைப்பு கேட்கும் எந்தப் போட்டிக்கும் முடியாது. முகநூல் பதிவை நீக்கிவிட்டு அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். போட்டிக்குப் புதிதாக ஒன்றை, 1,500 சொற்களுக்குள் அடங்கும் ஒரு சம்பவத்தை எடுத்து எழுதுங்கள். இந்தக் கதையை வெட்ட வேண்டாம். இதன் அளவு இதுதான். மகுடம், ஜீவநதி போன்ற சிற்றிதழ்கள் நம்மவர்களின் கதைகளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. முகநூலில் வந்தது என்பதை முதலிலேயே சொல்லி, அப்படி ஓர் இதழுக்கு அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன் ஒரு திருத்தம்: இரண்டாம் பக்கத்தில் சம்மாட்டியாரின் மூத்த மகளாக வருகிறவள் ஐந்தாம் பக்கத்தில் இளையவளாகிவிடுகிறாள்.

அன்புடன்,
அக்கா
மட்டக்களப்பு