முதலாளி ஓய்வு பெறுகிறார்: ஆம்ப் பிராண்டை நான் வாங்கலாமா?

கேள்வி: கையால் கிட்டார் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் 16 வருடமாக வேலை செய்கிறேன். வயது 41. முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். வருடத்துக்கு ஏறக்குறைய 60 ஆம்ப், எல்லாமே பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப். இன்று ஆர்டர் கொடுத்தால் 14 மாதம் காத்திருக்க வேண்டும். ஆர்டரோடு பாதி விலையை அட்வான்ஸாக வாங்கிவிடுவோம். முதலாளிக்கு 67 வயது. ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போவதாகச் சொல்லிவிட்டார். "வெளியாளுக்குக் கொடுப்பதைவிட உனக்குக் கொடுக்கத்தான் எனக்கு ஆசை" என்கிறார். போன வருட லாபத்தைப்போல் நான்கு மடங்கு விலை சொல்கிறார், அதுவும் ஒரே தவணையில். ஒரு பெரிய கம்பெனியும் விசாரித்திருக்கிறதாம். என் சேமிப்பு முழுவதும் போட்டாலும் கால் பங்குதான் தேறும். மீதிக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா? மனைவி தயங்குகிறாள். எனக்கோ இந்த வேலை உயிர்.

பதில்: முதலில் வீட்டு விஷயம். வீட்டை வைக்காதீர்கள். உங்கள் மனைவியின் தயக்கம் சரியானது. அதற்காக இந்த வாய்ப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. 16 வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவர் எடுத்து நடத்துவதுதான் அந்த ஆம்புகளுக்கும் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போது சொல்லும் விலைக்கும், சொல்லும் முறைக்கும் ஒப்புக்கொள்ளக்கூடாது.

விலை ஏன் அதிகம் என்று பார்ப்போம். போன வருட லாபம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பது 400. அந்த 100-ல் முதலாளியின் சம்பளம் கழிக்கப்பட்டிருக்கிறதா? இந்த மாதிரி சின்ன நிறுவனங்களில் பெரும்பாலும் கழித்திருக்க மாட்டார்கள். வடிவமைப்பு, கடைசிச் சோதனை, கடைக்காரர்களோடு பேச்சு, இசைக்கலைஞர்களோடு உறவு என்று எல்லாவற்றையும் அவரே செய்கிறார், மிஞ்சுவதை லாபம் என்று எழுதுகிறார். நாளை அவர் இடத்தில் நீங்கள் உட்கார்ந்தால், உங்கள் இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும். விற்பனையைப் பார்க்க இன்னொருவர், பகுதி நேரமாவது வேண்டும். அந்தச் சம்பளங்கள் 55 என்றால் உண்மை லாபம் 45-தான். சேமிப்பிலிருந்து 100 போட்டு, 300 கடன் வாங்கி, ஏழு வருடத்தில் அடைப்பதானால் அசல் மட்டும் வருடத்துக்கு 43 ஆகும். வட்டிக்கு மிச்சம் 2. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையர் கையை விரித்தால் அந்த வருடமே தவணை தவறும். 55 என்பது என் ஊகம். உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து சரியான எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த அட்வான்ஸ். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் திக்கென்றது. வருடத்துக்கு 60 வீதம் 14 மாதத்துக்கு 70 ஆம்ப் வரிசையில் நிற்கின்றன. பாதி விலை ஏற்கெனவே வந்துவிட்டது. அதாவது 35 ஆம்பின் முழு விலை, உங்கள் அரை வருட விற்பனையைவிட அதிகம். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? வங்கியில் தனியாக இருந்தால் நல்லது. மரம், வால்வு, சம்பளம் என்று செலவாகியிருந்தால், நீங்கள் பொறுப்பேற்ற மறுநாளிலிருந்து 70 ஆம்புகளைப் பாதிப் பணத்துக்குச் செய்து கொடுக்க வேண்டும். முழு விலை தரும் முதல் ஆர்டர் உங்கள் கைக்கு வர 14 மாதம் ஆகும். காத்திருப்போர் பட்டியலை விற்பவர் சொத்தாகக் காட்டுவார். வாங்குபவருக்கு அதில் பாதி கடன். ஆர்டர் வாரியாக, எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு கையில் இருக்கிறது என்று ஒரு தாள் தயாரிக்கச் சொல்லுங்கள். இல்லாத தொகையை விலையிலிருந்து அப்படியே கழிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வாரண்டியும் இதே வகைதான். இதுவரை விற்ற அத்தனை ஆம்புக்கும் அவர் வாய்மொழியாக "வாழ்நாள் முழுக்கப் பார்த்துத் தருவேன்" என்று சொல்லியிருப்பாரே, அதுவும் உங்கள் தலையில் விழும். பழைய ஆம்புகளின் பழுதுச் செலவுக்கு விலையில் ஒரு பகுதியை இரண்டு வருடம் தனிக் கணக்கில் நிறுத்தி வையுங்கள்.

இனி, நீங்கள் உண்மையில் எதை வாங்குகிறீர்கள் என்ற கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம். சர்க்யூட்டையா? வால்வு ஆம்பின் சர்க்யூட்டில் ரகசியம் குறைவு. மார்ஷல் நிறுவனத்தின் முதல் ஆம்பான ஜேடிஎம்45-ஏ ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்துச் செய்ததுதான். உள்ளே யாரும் பார்க்கக்கூடாது என்று அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் டம்பிள் தன் சர்க்யூட்டின் மேல் எபாக்சி பிசின் பூசி மூடினார். அவர் 2022 ஜனவரியில் இறந்தார். இன்று அவருடைய ஆம்ப் ஒன்று லட்சம் டாலருக்கு மேல் கைமாறுகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது ஆம்பை வைத்திருப்பவருக்குப் பொருந்தும். அந்தப் பணத்தில் ஒரு காசுகூடப் புதிதாக ஆம்ப் செய்பவர் கைக்கு வராது. ஆகவே "நம் பழைய ஆம்ப் என்ன விலைக்குப் போகிறது பார்" என்று உங்கள் முதலாளி காட்டினால், மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், விலைப் பேச்சில் சேர்க்காதீர்கள்.

மிஞ்சுவது பெயரும் கைப்பக்குவமும். கைப்பக்குவம் என்று எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆம்பை ஆன் செய்து, சேசிஸை (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தை) திருப்பி வைத்து, 400 வோல்ட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மரக்குச்சியால் ஒரு கம்பியை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். இரைச்சல் அடங்கும். பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். நான்கில் ஒன்றை ஒதுக்கி வைப்பார்கள். ஏன் அதை ஒதுக்கினார் என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. உங்கள் பட்டறையில் அந்தக் குச்சி யார் கையில் இருக்கிறது? 60 ஆம்பில் எத்தனையை நீங்களே முடித்து, அவர் தொடாமல் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள்? பாதிக்கு மேல் என்றால் அவர் விற்கும் பொருளில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்களுடையது, அதற்கு நீங்கள் விலை தரத் தேவையில்லை. பத்துக்கும் குறைவு என்றால் ஆறு மாதத்தில் அவர் போவது உங்களுக்கு ஆபத்து.

இந்தத் தொழிலில் கைமாறியவர்களின் கதைகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். டிரெயின்ரெக் ஆம்புகளைச் செய்த கென் ஃபிஷர் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணுக்குப் பதில் ஒரு பெயர் வைப்பார். நீண்ட நாள் உடல்நலம் குன்றியிருந்து 2006-ல் காலமானார். ஆனால் உயிரோடு இருக்கும்போதே கோமெட் நிறுவனத்துக்காக ஒரு சர்க்யூட் வடிவமைத்துக் கொடுத்தார். கோமெட் 60 அப்படி வந்தது. அவர் இருக்கும்போதே அறிவு இன்னொரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஹைவாட் ஆம்ப் நிறுவனத்தைத் தொடங்கிய டேவ் ரீவ்ஸ் 1981-ல் திடீரென இறந்தார். ஊழியர்கள் சில காலம் நடத்தினார்கள், தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு பெயர் நாட்டுக்கு ஒருவரிடமாகப் பிரிந்துபோனது. மேட்ச்லெஸ் என்ற ஆம்ப் நிறுவனம் 1989-ல் தொடங்கி பத்து வருடத்தில் மூடப்பட்டது. வடிவமைப்பாளர் மார்க் சாம்சன் விலகி வேறு பிராண்டுகளுக்கு ஆம்ப் செய்யப் போனார். அங்கே உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபில் ஜேமிசன் பெயரை மீட்டு மறுபடி தொடங்கினார். உங்களைப்போல் மேசையில் இருந்தவர்தான் அவரும்.

ஃபெண்டர் கதை இன்னும் பெரியது. 1965-ல் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்-க்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். இருபது வருடம் கழித்து, 1985-ல், பில் ஷுல்ட்ஸ் தலைமையில் உள்ளே இருந்தவர்களே 1.25 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் அது எவ்வளவு குறைந்த விலை என்று தெரியும். ஃபுல்லர்டன் தொழிற்சாலைக் கட்டடம் அந்த விலையில் சேரவில்லை. வாங்கியது பெயர், உரிமைகள், மிச்சமிருந்த சரக்கு. கையில் ஆள் இருந்தால் பெயர் பிழைக்கும், அதுவும் விலை அடக்கமாக இருந்தால்தான் என்று நான் அதைப் படிக்கிறேன்.

அதனால் உங்கள் முதலாளியிடம் இப்படிக் கேளுங்கள். விலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கருவிகள், வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், மரப்பெட்டி, வரைபடங்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து எண்ணி, கொள்முதல் விலையில் ஒரு தொகை போட்டு, அதை உங்கள் சேமிப்பிலிருந்து இப்போதே கொடுங்கள். சேமிப்பு முழுவதையும் போடாதீர்கள். குறைந்தது ஒரு வருட வீட்டுச் செலவு தனியே இருக்கட்டும். பெயருக்கான விலையை, விற்கும் ஒவ்வொரு ஆம்புக்கும் இவ்வளவு என்று ஐந்து அல்லது ஆறு வருடம் கொடுங்கள். ஆம்ப் விற்றால் அவருக்கும் பணம், விற்காவிட்டால் உங்களுக்குச் சுமை இல்லை. அவர் "எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று சொல்வது மெய்யானால் இதற்குச் சம்மதிப்பார்.

மொத்தமாக வேண்டும் என்று ஏன் கேட்கிறார் என்றும் விசாரியுங்கள். சிலருக்கு ஓய்வுக்கால வருமானமே இதுதான். அப்படியானால் மாதந்தோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்துகொடுத்தால் அவருக்கும் தூக்கம் வரும். நீங்கள் அவரை ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றிவிடக்கூடாது. இந்தப் பேச்சை உங்கள் கணக்குத் தாளைக் கையில் கொடுத்து, பொறுமையாகப் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் வக்கீல் எழுத வேண்டியவை சில. பிராண்ட் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது? பல இடங்களில் அது நிறுவனத்தின் பேரில் இல்லாமல் நிறுவனரின் சொந்தப் பேரில் இருக்கும். அதை மாற்றி எழுதும்வரை ஒரு காசும் கொடுக்காதீர்கள். அவர் வேறு பெயரில் ஆம்ப் செய்யவோ இன்னொருவருக்கு வடிவமைக்கவோ இத்தனை வருடம் கூடாது என்ற நிபந்தனையும் வேண்டும். கடைசியாக, அவர் ஆறு மாதத்தில் முழுவதும் போகாமல் இரண்டு வருடம் இருக்க வேண்டும். முதல் வருடம் வாரம் மூன்று நாள், அடுத்த வருடம் மாதம் இரண்டு நாள், அதற்குத் தனிச் சம்பளம். அந்த இரண்டு வருடத்துக்கு அவர் பேரில் நிறுவனம் ஒரு ஆயுள் காப்பீடு எடுக்கட்டும். 67 வயதில் பிரீமியம் கூடுதலாக இருக்கும், எடுங்கள்.

நிறுவனத்தின் பேரில் கடன் வாங்க வேண்டிவந்தால் வாங்கலாம். வங்கி தனிப்பட்ட ஜாமீன் கேட்டால், ஒரு தொகைக்கு மேல் போகாது என்று வரம்பு போடச் சொல்லுங்கள். ஏற்கவில்லை என்றால் அந்த வங்கி வேண்டாம்.

பெரிய கம்பெனி விஷயம். கிட்டார் நிறுவனமான கிப்சன் 2021-ல் மேசா பூகி ஆம்ப் நிறுவனத்தை வாங்கியபோது நிறுவனர் ராண்டல் ஸ்மித் வடிவமைப்பாளராகத் தொடர்ந்தார். விற்பது துரோகம் ஒன்றும் இல்லை. வால்வு ஆம்புக்கு நாலாபுறமும் நெருக்கடி இருக்கிறது. ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக நகலெடுக்கும் கெம்பர் கருவி 2011-ல் வந்தது முதல் பலர் மேடையில் கனமான ஆம்பைத் தூக்காமலே வாசிக்கிறார்கள். வால்வு செய்யும் ஆலைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை அறிவித்தபோது நீங்களே எங்கெல்லாம் வால்வு தேடினீர்கள் என்று நினைவிருக்கும். இருப்பு வைக்கப் பெரிய பணம் வேண்டும், அது பெரிய கம்பெனியிடம் உண்டு. உங்கள் முதலாளி அங்கே விற்கத் தீர்மானித்தால் கோபப்படாதீர்கள். பட்டறையை யார் நடத்துவது என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். உங்கள் சம்பளத்தோடு ஒரு சிறு பங்கையும் அங்கே கேட்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது.

கையெழுத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த பத்து ஆம்புகளை நீங்கள் மட்டும் முடியுங்கள். அந்த நாட்களில் அவர் பட்டறைக்கு வரக்கூடாது. முடித்தவற்றை அவர் முடித்த பத்தோடு கலந்து, எண் மட்டும் ஒட்டி, வருடக்கணக்காக உங்களிடம் வாங்கும் இரண்டு மூன்று கலைஞர்களை வாசிக்கச் சொல்லுங்கள். யாருடையது எது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாம், அவருக்கும் தெரிய வேண்டாம். அவர்கள் எத்தனையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்ற எண்ணையும், அந்த அட்வான்ஸ் தாளையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பார்த்து, 400-க்குப் பதிலாக என்ன எண் சொல்லலாம் என்று முடிவு செய்வோம். அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.