தெருவில் கண்காணிப்புக் குழு அமைத்தால் திருட்டு குறையுமா?

குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் குழு மட்டும் போதாது, உங்கள் தெருவை அறிந்த ஒரு போலீஸ்காரரும் வேண்டும். கேரளத்தில் 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பீட் அதிகாரி, அதாவது அந்தப் பகுதியைக் கவனிக்கும் போலீஸ்காரர். அவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவார். எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்தச் சந்தில் விளக்கு எரிவதில்லை என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும். ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறவர்களும் பழகிய முகத்திடம் வாய் திறப்பார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

குழுவின் வேலை பார்ப்பதும் சொல்வதும்தான். யாரையும் பிடித்து வைப்பது, அடிப்பது அறவே கூடாது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். போலீசுக்கு உதவ 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற பொதுமக்கள் அமைப்பையும், சாத்தான்குளம் காவல் மரணங்களில் அதன் தன்னார்வலர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்ததால், 2020இல் தமிழக அரசு தடை செய்தது.

ஆகவே சந்தேகப்படும் ஆளின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு 100க்கு அழையுங்கள். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டிலும் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.