ஒரு படம் எடுத்துக்கட்டுமா?

கேள்வி: கேமரா வாங்கி ஓராண்டு ஆகிறது. தெருவில் வேலை செய்பவர்களின் முகங்களைப் படமெடுக்க ஆசை. கேட்கப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. துணிந்து கேட்டாலும், சரி என்றவர் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுகிறார். கேட்காமல் ஜூம் போட்டு எடுத்தால் திருடியதுபோல் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த உறுத்தல் இருக்கட்டும். ஜூம் லென்ஸைத்தான் கழற்றி வையுங்கள். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸில் ஆறேழு அடிக்குள் போனால்தான் ஆள் படத்தில் நிறைவார். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

செட்டிங்கை முன்பே சரிசெய்துவிடுங்கள். சம்மதம் கிடைத்த பிறகு பட்டன்களைத் திருகிக்கொண்டிருந்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். கேமரா கழுத்தில் தெரியும்படி தொங்கட்டும். எதிரில் போய், ஒரு வணக்கம் சொல்லி, கைவேலை முடியும்வரை காத்திருங்கள். அப்புறம் காரணத்தோடு கேளுங்கள்: "ஐயா, நீங்க ஊசியில நூல் கோக்கறதைப் பார்த்துட்டே நின்னுட்டேன். ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" வெறுமனே "போட்டோ எடுக்கலாமா?" என்றால் "என்னை எதுக்கு?" என்றுதான் பதில் வரும். மொழி தெரியாத இடத்தில் கேமராவைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாலே புரிந்துகொள்வார்கள்.

விறைப்பு இருக்கிறதே, அதை எதிர்த்துப் போராட வேண்டாம். முதல் இரண்டு படங்களை அவர் விருப்பப்படியே எடுத்துத் திரையில் காட்டுங்கள். "நீங்க வேலையைப் பாருங்க, நான் கொஞ்ச நேரம் இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் உங்களை மறந்துவிடுவார். நீங்கள் தேடி வந்த முகம் அப்போதுதான் கிடைக்கும். கேட்டால் கலைந்துவிடும் கணம் என்றால், எடுத்த கையோடு போய்க் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். முன்பே மறுத்தவரை நாலடி தள்ளிப்போய் நைசாக எடுப்பது மட்டும் கூடவே கூடாது. குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

எடுக்கச் சம்மதித்தவர் வெளியிடவும் சம்மதித்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். 1898இல் ஜெர்மனியில் அந்நாட்டின் முன்னாள் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இறந்துகிடந்த அறைக்குள் இரவோடு இரவாக நுழைந்து இருவர் படமெடுத்தார்கள். அத்துமீறி நுழைந்ததைப் பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றம் அந்தப் படங்களைத் தடுக்க முடிந்தது. ஒருவருக்குத் தன் உருவத்தின்மீது உரிமை உண்டு என்று சொல்ல அன்று சட்டம் இல்லை. 1907இல் வந்த சட்டம், சில விலக்குகள் தவிர, சம்மதம் இல்லாமல் ஒருவர் படத்தை வெளியிடக் கூடாது என்றது. நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆனாலும் இணையத்தில் போடுவதாக இருந்தால் அதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். விளம்பரத்துக்கு என்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும்.

படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அன்றிரவே அனுப்பிவிடுங்கள். நான் ஒருவருக்கு அப்படிச் சொல்லி அனுப்பாமல் விட்டேன். இன்றும் அந்தத் தெருவைச் சுற்றித்தான் போகிறேன்.